பொண்ணு அமையலீங்க

பல்லடத்துக்கும் சோமனூருக்கும் நடுவில் ஒரு பேக்கரி. ஊர்ப் பேர் வேண்டாம். கோயமுத்தூர்ப் பக்கம் டீக்கடை என்றாலே பேக்கரிதான். கண்ணாடி அலமாரியில் தேங்காய் பன்னும் வெஜ் பப்ஸும் இருக்கும், வாசலில் பெஞ்சு இருக்கும். இரவு எட்டு மணிக்குத் தறிக்குடோன்களில் ஷிப்டு மாறும். பகல் ஷிப்டுக்காரர்கள் தலையிலும் புருவத்திலும் பஞ்சோடு வந்து உட்காருவார்கள். பெண்கள் வந்தால் பார்சல் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். பெஞ்சு ஆண்களுக்கு.

அந்த இருவரும் எட்டரைக்கு மேல் ஒரே டி.வி.எஸ். எக்ஸெல்லில் வருவார்கள். ஓட்டுகிறவருக்கு நாற்பது தாண்டியிருக்கும். எட்டுத் தறி வைத்துக் கூலிக்கு நெய்கிறவர், குடோன் குடும்பச் சொத்து. பின்னால் உட்கார்ந்து வருகிறவர் நாலைந்து வயது இளையவர், தர்மபுரிப் பக்கம். தறி ஓட்ட வந்தவர், பாவு பிணைக்கவும் தெரியும், குடோனை ஒட்டிய அறையில் தங்கல். முதலாளியும் ஆளும் என்பதுதான் ஊர்க் கணக்கு. இளையவரின் டீக்குச் சர்க்கரை கம்மி என்று பெரியவர்தான் சொல்வார். ஒரே பப்ஸை இரண்டாகப் பிய்த்துக்கொள்வார்கள். அப்புறம் பேச்சுவாக்கில் இளையவர் கையை நீட்டிப் பெரியவரின் புருவத்தில் ஒட்டியிருக்கிற பஞ்சை எடுப்பார். முதலில் புருவம், பிறகு காதோரம். பெரியவர் பேச்சை நிறுத்துவதில்லை. முகத்தை மட்டும் கொஞ்சம் திருப்பிக் கொடுப்பார்.

பெஞ்சில் பத்துப் பேர் இருப்பார்கள். ஒருத்தரும் பார்ப்பதில்லை.

நான் பார்த்தேன். அங்கே எனக்கு வேறு வேலை இல்லை. இது காதல்தான் என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. இருபது வருஷப் பழக்கம் அப்படிக் கையை நீட்ட வைக்கலாம். ஆனால் முகத்தைத் திருப்பிக் கொடுக்கிற அந்த விதத்தை நான் வேறு இடங்களில் பார்த்திருக்கிறேன். வெகுநாள் ஒன்றாக வாழ்ந்த தம்பதிகளிடம்.

ஊர் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறது என்று சொல்ல முடியாது. ஒருநாள் அதே பேக்கரியில் கல்லூரிப் பையன் ஒருவன் ஸ்கூட்டியை நிறுத்தித் தண்ணீர் பாட்டில் வாங்கினான். பின்னால் ஒரு பெண், துப்பட்டாவால் முகத்தைக் கட்டியிருந்தாள். பெஞ்சு முழுக்கத் திரும்பியது. டீ பாதி தீர்வதற்குள் பையன் எந்த ஊர், என்ன ஆளுங்க, பெண் யார் வீட்டுப் பிள்ளை என்றெல்லாம் பேசி முடித்துவிட்டார்கள். வண்டி நம்பரை ஒருவர் மனப்பாடமாகச் சொன்னார். ஆணும் பெண்ணும் சேர்ந்து போனால் சாதி கலந்துவிடும் என்ற ஒரே அச்சத்தில் பழகிய கண் அது. இரண்டு ஆண்கள் ஒரே வண்டியில் போவது அந்தக் கண்ணில் விழுவதே இல்லை.

அந்தக் கண் என்ன செய்யும் என்பதற்குத் திருச்செங்கோடு சாட்சி. 2015 ஜூன் 23 அன்று கோகுல்ராஜ் என்ற பொறியியல் படித்த 21 வயது இளைஞர், தலித் வீட்டுப் பையன், தன்னோடு படித்த வேறு சாதிப் பெண்ணோடு அர்த்தநாரீஸ்வரர் மலைக்கோயிலில் பேசிக்கொண்டிருந்தார். அங்கிருந்தே கடத்திப் போனார்கள். மறுநாள் பள்ளிபாளையத்துக்குப் பக்கத்தில் ரயில் தண்டவாளத்தில் உடல் கிடந்தது. கோயிலின் கண்காணிப்புக் கேமரா பதிவுதான் வழக்குக்கு முதுகெலும்பு. அடுத்த வருஷம் மார்ச் 13-இல் உடுமலைப்பேட்டை பஸ் நிலையத்தருகே பட்டப்பகலில், வேறு சாதிப் பெண்ணை மணந்த தலித் இளைஞர் சங்கரை வெட்டினார்கள். அதுவும் கேமராவில் இருக்கிறது.

திருச்செங்கோட்டு மலைமேல் நிற்கிற சாமி பாதி ஆண், பாதி பெண். ஒரு பக்கம் வேட்டி, மறு பக்கம் சேலை. படியேறிப் போகிறவர்கள் அறுபதாம் படியைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒரு காலத்தில் அந்தப் படிகளில் நின்று சத்தியம் செய்தால் வழக்குத் தீர்ந்தது, பொய் சொன்னவன் தேற மாட்டான் என்று நம்பினார்கள். நான் அங்கே உட்கார்ந்து ஏறுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். புதுத் தம்பதிகள், பிள்ளை வரம் கேட்க வருகிற பெண்கள், தோளில் கை போட்டு ஏறுகிற பையன்கள். இந்தப் படியில் நிறுத்திக் கேட்டால் யார் யார் என்னென்ன சொல்வார்கள் என்று ஒரு நினைப்பு ஓடும். யாரும் நிறுத்துவதில்லை. நல்லதுதான்.

அதே ஊர்க்காரர்தான் எழுத்தாளர் பெருமாள்முருகன். அவருடைய அப்பா சினிமா தியேட்டரில் சோடாக்கடை வைத்திருந்தவர். 1993-இல் வந்த ‘நிழல்முற்றம்’ நாவல் அப்படி ஒரு தியேட்டருக்குள் நடக்கிறது. சோடா விற்கிற, டிக்கெட் கிழிக்கிற, இரவில் அங்கேயே படுத்துக்கொள்கிற வீடற்ற பையன்கள். அவர்களுக்குள் சண்டை, திருட்டு, கஞ்சா, ஒருவன் உடம்பை ஒருவன் அணைத்துக்கொள்கிற ராத்திரிகள். ஊரில் அதற்கு ஒரு சலசலப்பும் எழவில்லை. 2010-இல் வந்த ‘மாதொருபாகன்’ தேர்த் திருவிழா இரவில் பிள்ளையில்லாத பெண்ணொருத்தி அயலான் ஒருவனோடு சேர்வதைப் பேசியது. நாலு வருஷம் கழித்து ஊர் கொதித்தது, கடையடைத்தது, 2015 ஜனவரியில் நாமக்கல் கலெக்டர் அலுவலகத்தில் அவரை மன்னிப்புக் கேட்க வைத்தது. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் வந்து அவரை எழுது என்று சொல்ல வேண்டியிருந்தது. என் கணக்கில் இரண்டு நாவலிலும் மறைந்த ஆசைதான் இருக்கிறது. ஒன்றில் பெண்ணும் குலமும் வந்துவிட்டன, மற்றதில் வெறும் பையன்கள். எது ஊரைச் சுட்டது என்பதில் எல்லாம் இருக்கிறது.

தறிக்குடோனுக்குள் ஒருமுறை போனேன். எட்டுத் தறியும் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் காதில் கத்தினாலும் கேட்காது. அதனால் கையால் பேசுகிறார்கள். இழை அறுந்தது, தார் மாற்று, கரண்ட் போகப் போகிறது, சாப்பிட்டாச்சா, எல்லாவற்றுக்கும் சாடை உண்டு. எல்லாக் குடோனிலும் இது உண்டுதான். இந்த இருவரிடம் மற்றவர்களிடம் பார்க்காத சாடைகளும் இருந்தன. இளையவர் ஒரு தறியை நிறுத்திப் பாவு பிணைத்துக்கொண்டிருந்தார். விரலில் சாம்பல் தொட்டுப் பழைய பாவின் இழையோடு புது இழையை முறுக்கி முறுக்கிச் சேர்க்கிற வேலை, ஆயிரக்கணக்கான இழை, அரை நாள் குனிந்தே இருக்க வேண்டும். பெரியவர் அந்தக் கோடியிலிருந்து இரண்டு விரலால் தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினார். இளையவர் நிமிர்ந்து கழுத்தைச் சுழற்றிக்கொண்டார். சிரித்தார். அப்புறம் என் பக்கம் ஒரு பார்வை. நான் பார்த்துவிட்டேன் என்று அவருக்குத் தெரிந்தது. என்னை அளந்துவிட்டுத் திரும்பவும் குனிந்தார்.

இளையவர் வந்த புதிதில் ஊர் வழக்கம்போல என்ன ஆளுங்க என்று விசாரித்தது. அவர் சொன்ன பதிலை ஊர் நம்பவில்லை. ஆனால் தறிக்கு ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. உள்ளூர்ப் பையன்கள் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார்கள், கூலி கட்டுப்படியாகாமல் பல குடோன்களில் தறியை உடைத்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். ஓடுகிற தறிக்கு ஓட்டுகிறவன் எவனாக இருந்தாலும் சரி என்று விட்டுவிட்டார்கள்.

இனி கல்யாணத்துக்கு வருவோம். நாற்பது தாண்டிய, சொத்துள்ள, ஒற்றைப் பிள்ளை ஏன் கல்யாணம் பண்ணவில்லை? முப்பது வருஷத்துக்கு முன்னால் இந்தக் கேள்வியிலிருந்து ஒருவன் தப்பியிருக்க முடியாது. உறம்பரை சேர்ந்து இழுத்துப்போய் மணவறையில் உட்கார வைத்திருக்கும். அக்கா தங்கை வந்து இணைச்சீர் செய்ய, அருமைக்காரர் வந்து நடத்திவைக்க, மங்கல வாழ்த்துப் பாட, எல்லாம் நடந்திருக்கும். அருமைக்காரராக இருப்பதற்கே மனைவி மக்களோடு இருப்பவராக இருக்க வேண்டும். மணமாகாதவனுக்குச் சீரில் இடமில்லை.

இன்று அவர் ஒரு வார்த்தையில் தப்பித்துவிடுகிறார். பேக்கரியில் யாராவது கேட்பார்கள், “என்ன மாப்ள, பொண்ணு ஏதாச்சும் தெவைஞ்சுதா?”

“எங்கீங்க. அமையலீங்க.”

கேட்டவர் பெருமூச்சு விடுவார். அவர் வீட்டிலும் ஒருவன் இருப்பான். கேள்வி அத்தோடு முடிந்துவிடும்.

ஏனென்றால் நிஜமாகவே பெண் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபங்களில் நடக்கிற வரன் பார்க்கும் கூட்டங்களில் ஜாதகக் கட்டோடு வருகிற அம்மாக்களில் பாதிப் பேருக்கு மேல் பையனைப் பெற்றவர்கள். வரிசையாக முப்பத்தைந்து, முப்பத்தெட்டு, நாற்பத்தொன்று. பாலக்காட்டுப் பக்கம் போய்ப் பெண் எடுக்கத் தனித் தரகர்கள் இருக்கிறார்கள். பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-இல் வந்த தொட்டில் குழந்தைத் திட்டம் முதலில் சேலத்தில் ஏன் தொடங்கியது என்பது எல்லோருக்கும் தெரியும். 2001 மக்கள்தொகைக் கணக்கில் சேலம் மாவட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட 1000 ஆண் குழந்தைகளுக்கு 851 பெண் குழந்தைகள்தான். அந்த ஆண் குழந்தைகளும் இன்றைக்கு மாப்பிள்ளை வரிசையில் சேர்ந்துவிட்டார்கள். பெருமாள்முருகனே 2007-இல் ‘கங்கணம்’ என்று முழு நாவல் எழுதினார், பெண் கிடைக்காத ஒரு கவுண்டரைப் பற்றி.

பெற்ற பெண்ணைக் கொன்ற பாவத்தின் நிழலில் இரண்டு ஆண்கள் டீ குடித்துக்கொண்டிருக்கிறார்கள். இதை நான் நியாயம் என்றும் சொல்லவில்லை, அநியாயம் என்றும் சொல்லவில்லை. பெண் அமைந்திருந்தால் அந்த வீட்டில் ஒருத்தி இருந்திருப்பாள், என்ன குறை என்று தெரியாமலே குறையோடு. அவள் பேரும் எங்கும் வந்திருக்காது.

அப்படிப்பட்ட இரண்டு பெண்கள் இந்தக் கொங்கு நாட்டின் பெரிய கதையிலேயே இருக்கிறார்கள். அண்ணன்மார் சாமி கதை பாடாத ஊர் இங்கே குறைவு. 1965-இல் காங்கேயத்துக்கு அருகே ஓலப்பாளையத்தில் பிரெண்டா பெக் என்ற மானுடவியல் ஆய்வாளர் அதை முழுக்க ஒலிநாடாவில் பதிவு செய்தார். அண்ணன்மாரான பொன்னரும் சங்கரும் மணம் முடிக்கிறார்கள், ஆனால் மனைவிமாரைத் தொடுவதில்லை. வீரத்துக்காக விரதம். பெண்கள் இருவரும் தனியாகப் பூட்டின மாளிகையில் இருக்கிறார்கள். அண்ணன்கள் மாண்ட பிறகு தங்கை தங்காள் அந்த மாளிகைக்குத் தீ வைக்கிறாள். அண்ணன்மாரை இந்தக் கட்டுரைக்குள் இழுத்து அவர்களுக்கு ஒரு பேர் வைக்கிற எண்ணம் எனக்கு இல்லை, அது அசட்டுத்தனம். ஒரு திருவிழாவில் விடிய விடிய உடுக்கைப் பாட்டுக் கேட்டபோது தங்காள் அழுகிற இடத்தில் கூட்டமே அழுதது. மாளிகை எரிகிற இடத்தில் பாதிப் பேர் எழுந்து டீ குடிக்கப் போனார்கள். நம்ம ஆட்கள் இருவரும் பின்னால் வேப்பமரத்தடியில் பவானி ஜமக்காளம் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். பெரியவர் தூங்கிவிட்டார், தலை இளையவர் தோளில். பக்கத்தில் இருந்த கிழவி ஒருத்தி தன் போர்வையின் ஒரு முனையை இழுத்து இருவர் மேலும் போட்டுவிட்டாள். பனி.

வெள்ளியங்கிரியிலும் அப்படித்தான். பிப்ரவரியிலிருந்து மே வரை பூண்டி அடிவாரத்தில் மூங்கில் தடி வாங்கிக்கொண்டு ஏழு மலை ஏறுகிறவர்கள், வழக்கப்படி, பெரும்பாலும் ஆண்கள். ராத்திரி ஏறி விடியற்காலை உச்சியில் சாமி கும்பிட்டுத் திரும்புவார்கள். வழுக்குப்பாறையில் ஒருவன் கையை ஒருவன் பிடித்துத்தான் ஏற முடியும். இறங்கி வந்ததும் அடிவாரத்தில் வரிசையாகப் படுத்து ஒருவன் காலை ஒருவன் அமுக்கிவிடுவான். எது களைப்பு, எது பாசம், எது அதற்கு மேலே என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. அந்தக் கூட்டத்தில் ஒளிந்துகொள்ள வந்தவர்கள் சிலர் எப்போதும் இருந்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

இளவட்டங்களின் பாடு வேறு. திருப்பூரில் லைன் வீட்டில் ஆறு பேரோடு படுத்திருக்கிறவன் போர்வைக்குள், ஆண்கள் ஆண்களைத் தேடுகிற கிரைண்டர் ஆப்பைத் திறக்கிறான். முகமில்லாத கட்டங்கள், கீழே எத்தனை கிலோமீட்டர் என்று மட்டும் இருக்கும். அப்படிக் கூப்பிட்டு ஆளில்லாத இடத்துக்குக் கொண்டுபோய் அடித்து, படம் எடுத்து, பணம் பறித்த செய்திகள் பேப்பரில் வருகின்றன. போலீஸில் சொன்னால் வீட்டுக்குத் தெரிந்துவிடும், அதுதான் பறிக்கிறவர்களின் முதல். 2018 செப்டம்பர் 6 அன்று ஒருபால் உறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவின் பல்லை உச்ச நீதிமன்றம் பிடுங்கிய பிறகும் அந்த முதல் குறையவில்லை.

தீர்ப்பு என்றால் எனக்கு ஒரு நீதிபதியின் நினைவு வருகிறது. 2021-இல், ஒருவரையொருவர் காதலித்து மதுரையிலிருந்து ஓடிவந்த இரண்டு இளம்பெண்களின் வழக்கு சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷிடம் வந்தது. தனக்கு இதுபற்றிச் சரியாகத் தெரியாது என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளர் ஒருவரிடம் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டு வந்தபிறகே அவர் ஜூன் 7 அன்று உத்தரவு எழுதினார். இந்த ஆசையை மருத்துவம் செய்து மாற்றுகிறேன் என்று கிளம்புகிறவர்களைத் தடுத்தார், போலீஸ் தொந்தரவு செய்யக் கூடாது என்றார். அதே நீதிபதிதான் 2023 ஜனவரியில் நீதிபதி எம்.எஸ். ரமேஷோடு திருச்செங்கோட்டு மலைக்கே நேரில் போய், கோகுல்ராஜ் நின்ற இடத்தையும் கேமரா இருந்த இடங்களையும் பார்த்தார். அந்த ஜூனில் முக்கியக் குற்றவாளிகளின் தண்டனையை உறுதி செய்தார்கள். அவர் பார்த்த மாதிரி பார்க்கப் பொறுமை வேண்டும். அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஒருபாலினத் திருமணத்துக்கு வழியில்லை என்றபோது பேக்கரி டி.வி.யில் செய்தி ஓடியது. இருவரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். “சேனலை மாத்துடா, மேட்ச் போட்டிருப்பான்” என்றார் பெஞ்சில் ஒருவர். பெரியவரும் “ஆமா, மாத்து” என்றார்.

பல்லடத்தில் எனக்குத் தெரிந்த பத்திர எழுத்தர் ஒருவர் உண்டு. அவர் கடையில் மதியத்தில் போய் உட்காருவது வழக்கம். போன தை மாதம் பெரியவரின் அம்மா மஞ்சப்பையோடு வந்தார், தனியாக, பஸ்ஸில். எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும். குடோனும் அதன் அடிநிலமும் அவர் பேரில்தான். உயில் எழுத வேண்டும் என்றார். மகன் ஆயுசு வரைக்கும் மகனுக்கு. அவனுக்கு அப்புறம் அந்தத் தர்மபுரிக்காரருக்கு.

எழுத்தர் பேனாவைக் கீழே வைத்தார். “ஏனுங்கம்மா, பங்காளிங்க இருக்கறாங்களே?”

“இருக்கறாங்க. அவங்க கைக்குப் போனா மறுநாளே இந்தப் பையனத் தெருவுல நிறுத்திருவாங்க. கொரோனாவுல எம்மகன் படுத்தப்ப ஒரு பங்காளி எட்டிப் பாக்குல. பீ மூத்தரம் அள்ளுனது அவந்தானுங்க.”

எழுத்தர் எழுத ஆரம்பித்தார். ஓரிடத்தில் நின்று, “அவரு உங்களுக்கு என்ன முறைன்னு போடட்டுங்க?” என்றார்.

“முறை எதுக்குங்க எழுதோணும்? பேரும் அப்பன் பேரும் போதாதா?”

“போதுங்க.”

“அப்ப அத்தோட உடுங்க.” மஞ்சப்பையிலிருந்து ஆதார் ஜெராக்ஸை எடுத்து வைத்தார். இரண்டு காப்பி. தயாராகத்தான் வந்திருந்தார்.

உயிலுக்கு இரண்டு சாட்சி வேண்டும். எழுத்தரின் உதவியாள் ஒருவன் இருந்தான். இன்னொருத்தர் என்று எழுத்தர் என்னைப் பார்த்தார். அந்த அம்மாவும் திரும்பி என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்துவிட்டு, “கையெழுத்து நல்லா முழுசாப் போடோணுங்க, நாளைக்குக் கோர்ட்டுல கேட்டாச் சொல்லோணும்” என்றார். போட்டேன். அப்பா பேர், கதவு எண், பின்கோடு உள்பட எழுதினேன். அந்த அம்மா காகிதத்தை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அப்புறம் எழுத்துக்கூலியில் இருநூறு ரூபாயைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேச ஆரம்பித்தார்.